ஜேபிஜிக்குள் ஒரு பெங்களூர்க்காரர்

ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்களுக்குப் பாதி உறவு போட்டோவில்தான் ஓடுகிறது. நமக்கு இனிஷியல் முன்னால் வரும். போட்டோ ஃபைலுக்குப் பின்னால் வரும். ஜேபிஜி, பிஎன்ஜி, ஜிஃப், டிஃப். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு.

1986-இல் ஸ்கேனருக்காக ஆல்டஸ் கம்பெனி கொண்டுவந்தது டிஃப். 1987-இல் கம்ப்யுசர்வ் தந்தது ஜிஃப். ஒரு படத்தில் 256 நிறம்தான். அதன் சுருக்கும் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த யுனிசிஸ் 1994 கடைசியில் கட்டணம் கேட்கவே, கோபப்பட்டவர்கள் சேர்ந்து யாருக்கும் காசு தரவேண்டாத பிஎன்ஜியை உருவாக்கினார்கள். 1996-இல் அது தரமாக ஏற்கப்பட்டது.

1992-இல் தரமான ஜேபிஜி கதைதான் நமக்கு நெருக்கம். அதன் அடிப்படைக் கணக்கைத் தந்த நசீர் அகமது 1940-இல் இதே பெங்களூரில் பிறந்தவர். நான் இருக்கும் சிவாஜிநகரிலிருந்து கே.ஆர். சர்க்கிள் ஆட்டோ தூரம். அங்குள்ள பொறியியல் கல்லூரியில் படித்து அமெரிக்கா போனார். 1972-இல் இந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசின் அறிவியல் நிறுவனத்திடம் பணம் கேட்டார். ரொம்ப எளிமையாக இருக்கிறது என்றார் மதிப்பிட்டவர்களில் ஒருவர், பணம் கிடைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. மாணவர் நடராஜன், நண்பர் கே.ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

கணக்கு இதுதான். படத்தை 64 புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் 64 எண்களாக மாற்றுவது. கண்ணுக்குப் படாத நுணுக்கத்தின் எண்களை ஜேபிஜி ரவுண்ட் செய்துவிடும். வங்கி பாஷையில், பைசாவைத் தள்ளி ரூபாயை மட்டும் எழுதுவது. தள்ளிய பைசா திரும்ப வராது. திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் போகும். பிஎன்ஜி பைசாவையும் விடாது.

நீங்கள் வங்கியில் போடும் காசோலையும் இப்போது படமாகத்தான் போகிறது. 2008-இல் புதுதில்லியில் தொடங்கி 2011-இல் சென்னைக்கு வந்த முறை இது. முன்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு ஜேபிஜி. முன்னும் பின்னும் கறுப்பு வெள்ளையில் இரண்டு டிஃப். எழுத்து பிசிறக்கூடாதே!

ஜேபிஜி என்பதை அழித்து பிஎன்ஜி என்று பெயர் மாற்றினால் படம் தெளிவாகாது. பாஸ்புக் அட்டையை மாற்றினால் பேலன்ஸ் ஏறுமா?

தாத்தா பாட்டி கல்யாண போட்டோ ஊரில் பெட்டிக்குள் இருந்தால், அடுத்த லீவில் ஸ்கேன் செய்துவிடுங்கள். டிஃப் அல்லது பிஎன்ஜியில் ஒன்றைப் பத்திரமாக வையுங்கள். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப ஜேபிஜி நகல் போதும்.