கணினியில் சௌராட்டிர மொழி

சௌராட்டிரம், தமிழ்நாட்டில் பேசப்படும் இந்திய-ஆரிய மொழிகளுள் ஒன்றாகும். இம்மொழிக்கெனத் தனி எழுத்துமுறை உண்டு. 2008 ஆம் ஆண்டில் அது ஒருங்குறியில் சேர்க்கப்பட்டது. எனினும், இம்மொழி பேசுவோரில் பலர் தமிழ் எழுத்துகளைக் கொண்டே இதனை எழுதுகின்றனர். எனவே கணினியில் சௌராட்டிரம் இரு எழுத்துமுறைகளில் கையாளப்படுகிறது.

பின்னணி

மதுரை, சேலம், பரமக்குடி, கும்பகோணம், சவ்வாது மலைக்குக் கிழக்கே உள்ள ஆரணி முதலிய ஊர்களில் சௌராட்டிரர் வாழ்கின்றனர். நெசவு இவர்களின் மரபுத் தொழில் ஆகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2,47,702 பேர் இதனைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டனர். இம்மொழி இந்திய அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெறவில்லை. 2003 ஆம் ஆண்டின் 92 ஆவது திருத்தத்தால் அவ்வட்டவணையில் சேர்ந்த மைதிலி மொழியின் மரபு எழுத்தான திருகுதா, 2014 இல்தான் ஒருங்குறியில் இடம்பெற்றது. ஒருங்குறியில் இடம்பெற அரசின் ஏற்பு கட்டாயமன்று என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

ஒருங்குறி

ஒருங்குறியின் 5.1 ஆம் பதிப்பில் சௌராட்டிரத்துக்கு 96 இடங்கள் ஒதுக்கப்பட்டு, அவற்றுள் 81 நிரப்பப்பட்டன. 2016 இல் வெளியான 9.0 ஆம் பதிப்பில் மேலும் ஒரு குறி சேர்க்கப்பட்டது. 1880களில் எளிமையாக்கப்பட்ட எழுத்துமுறையில் கூட்டெழுத்துகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. மெய்யெழுத்து, தமிழில் புள்ளி இடுவது போலவே தனிக்குறியால் காட்டப்படுகிறது. ‘க்ஷ’ இதற்கு விதிவிலக்கு. சில மெய்களின் ஒலியை மாற்றும் ‘ஹாரு’ என்னும் சார்புக்குறி இவ்வெழுத்துக்கே உரியது. இதன் பயன் ஓரளவு தமிழ் ஆய்தத்தை ஒத்தது.

தமிழ் எழுத்தில் எழுதுதல்

தமிழில் ககர வரிசைக்கு ஓர் எழுத்தே உள்ளதால், வேறு ஒலிகளைக் குறிக்க க², க³, க⁴ என மேலெண்கள் இடப்படுகின்றன. கணினிக்கு மேலெண் என்பது தனிக்குறியே. சில மென்பொருள்கள் உரையைச் சீராக்கும்போது ‘க²’ என்பதை ‘க2’ என மாற்றிவிடுகின்றன. இதனால் அகரவரிசைப்படுத்தலும் தேடலும் பிழையாகலாம்.

இன்றைய நிலை

நோட்டோ எழுத்துருத் தொகுப்பில் சௌராட்டிர எழுத்துரு கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. விண்டோசு 10 முதல், இயங்குதளத்தின் எழுத்துக்கோப்புப் பொறியும் இவ்வெழுத்தைக் கையாள்கிறது. ஆயினும் ஒரே சொல்லைத் தமிழிலும் சௌராட்டிரத்திலும் எழுதினால், கணினிக்கு அவை தொடர்பற்ற இரு சொற்களே. அவற்றை இணைக்க எழுத்துமாற்றி தேவை. மேலெண்களுடன் எழுதிய உரையைச் சௌராட்டிர எழுத்துக்கு மாற்றுவது எளிது. மேலெண் விடுபட்டால், க என்பது நான்கு ஒலிகளுள் எது என்பதை எழுத்துமாற்றி எழுத்தை மட்டும் கொண்டு அறிய இயலாது. மொழி அறிந்தவரே படித்துத் திருத்த வேண்டும். ஆகவே, எந்த எழுத்தில் எழுதினாலும் ஒலி வேறுபாடுகளைக் குறித்து வைப்பது இம்மொழி உரைகளின் நெடுங்காலப் பயன்பாட்டிற்கு இன்றியமையாதது.