கொலுப்படியும் வீட்டுப் பூனையும்

கொலுவைப் பற்றி எழுதுவோர் படிகளின் கணக்கைச் சொல்வார்கள். பொம்மை எதனால் ஆனது என்பதை அதிகம் விசாரிப்பதில்லை. வீட்டு விலங்குகளிடமிருந்து அதைக் காத்த கதை அங்கேதான் இருக்கிறது.

செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சியை நாய் கவ்வினால் பல்தடம் பதியும், அவ்வளவே. (பல் முளைக்கும் குழந்தைக்கே கடிக்கக் கொடுத்த பொம்மை அது.) சுட்ட களிமண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பூனையின் ஒரே தாவலில் தசாவதாரத்தில் ஓர் அவதாரம் குறைந்துவிடும். காகிதக்கூழ் பொம்மை விழுந்தாலும் தப்பும், ஆனால் அதிலுள்ள பசை எலியை அழைக்கும். மரத்தூளையும் புளியங்கொட்டைப் பசையையும் கலந்து ஒட்டுகிற கொண்டபள்ளிப் பொம்மைக்கும் இதே ஆபத்துதான். கீழ்ப்படியில் செட்டியார் பொம்மை முன் பரப்பிய அரிசியும் பருப்பும் வேறு. எலியைத் தேடிப் பூனை வரும். ஆண்டு முழுதும் பரணைக் காத்த அதே பூனை, ஒன்பது இரவுகளுக்கு மட்டும் விரோதி!

பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைக்கும் வழக்கத்தோடு பின்னாளில் அந்துருண்டை சேர்ந்தது. நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்து, 1821இல் ஜான் கிட் நாப்தலீன் எனப் பெயரிட்ட பொருள். பூச்சியைத் தடுக்கும், தின்றால் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. பெட்டி திறக்கும் நாளில் அது தரையில் உருண்டோடினால் பூனை துரத்தாமல் இராது. உருண்டைகளை எண்ணிப் போட்டு, எண்ணி எடுப்பது நல்லது.