அரங்கம் எழுப்பிய கைகள்

பெரும் விளையாட்டு விழாக்களால் சமுதாயம் உயரும் என்பது வளரும் நாடுகளின் நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு உரைகல்லாக அமைந்தது 1982ஆம் ஆண்டு தில்லியில் நடைபெற்ற ஒன்பதாம் ஆசிய விளையாட்டு விழா.

நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை நடந்த அவ்விழாவுக்கென நேரு விளையாட்டரங்கமும் மேம்பாலங்களும் எழுந்தன. அவற்றைக் கட்டியோர் இராசஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து தரகர்களால் அழைத்துவரப்பட்ட ஏழைத் தொழிலாளர். நாளொன்றுக்குரிய குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. அதிலும் ஒரு ரூபாயைத் தரகர்கள் பிடித்துக்கொண்டனர். பெண்களுக்குக் கிடைத்தது 7 ரூபாயே. பதினான்கு வயது நிரம்பாச் சிறாரும் வேலையில் அமர்த்தப்பட்டனர் என்று முறையீடு எழுந்தது.

மக்கள் சனநாயக உரிமைகள் ஒன்றியம் உச்சநீதிமன்ற நீதிபதி பி.என்.பகவதிக்கு எழுதிய மடலே வழக்காக ஏற்கப்பட்டது. 1982 செப்டம்பர் 18இல் தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என அது வரையறுத்தது. இடர் மிகுந்த கட்டடப் பணியில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை ஈடுபடுத்தலாகாது என்றும் உரைத்தது.

விழா பதினாறு நாள்களில் முடிந்தது. அதனால் சமுதாயம் பெற்ற நிலைத்த பயன் யாதெனின், இத்தீர்ப்பையே முதலிற் சுட்டலாம். எனினும், 2010இல் அதே தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் பணிகளின்போது தொழிலாளர் கூலி மீண்டும் வழக்காயிற்று. ஒருமுறை வென்ற உரிமையையும் ஒவ்வொரு விழாவிலும் கேட்டே பெறவேண்டியுள்ளது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.