பல்லாவரம் சந்தையும் பழம்பொருள் வரலாறும்

குன்றத்தூர் என்றதும் தமிழறிந்தோர் நெஞ்சில் முதலில் தோன்றுபவர் சேக்கிழார் பெருமான். சோழப் பேரரசின் அமைச்சராக விளங்கிய அவர், சுந்தரர் தொகையாகவும் நம்பியாண்டார் நம்பி அந்தாதியாகவும் சுருங்க உரைத்த அடியார் வரலாறுகளை விரித்துப் பெரியபுராணமாக்கினார். அடியார் ஒவ்வொருவருக்கும் பெயர், ஊர், மரபு, தொழில் ஆகியவற்றைத் தேடிச் சேர்த்துப் பதிந்தமை அவர்தம் வரலாற்றுணர்வுக்குச் சான்று. அவர் பிறந்த ஊரிலிருந்து தென்கிழக்கே செல்லும் சாலை பல்லாவரத்தை அடைகிறது. அங்கு வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் பழம்பொருள்கள் குவிகின்றன, கைமாறுகின்றன. பொருள் கைமாறும்போது அதன் பெயரும் ஊரும் என்னாகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சந்தையின் இயல்பு

நாளங்காடி, அல்லங்காடி எனப் பொழுதால் பெயர்பெற்ற அங்காடிகளைப் பழந்தமிழ் நூல்கள் காட்டுகின்றன. கிழமையால் பெயர்பெறும் வாரச் சந்தையும் அம்மரபின் தொடர்ச்சி எனலாம். பல்லாவரம் சந்தை ஆங்கிலேயரின் படைமுகாம் இருந்த நாளில் மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது என்பர். காலப்போக்கில் மாடுகள் மறைந்து, பயன்படுத்திய பொருள்கள் அவ்விடத்தைப் பிடித்தன. பழைய டிரங்கு சாலையின் இருமருங்கும் தரையில் விரித்த தார்ப்பாய்களில் கிராமபோன் தட்டுகள், சுவர்க் கடிகாரங்கள், காமிராக்கள், தையல் இயந்திரங்கள், கதவுத் தாழ்கள், பித்தளைக் குடங்கள், வெண்கல உருளிகள், காசுகள் எல்லாம் ஒருங்கே கிடக்கும். பூச்செடி விற்போரும் புறா விற்போரும் அவற்றினிடையே கடைவிரிப்பர். தோளோடு தோள் உரச நடக்கும் கூட்டத்தில், ஒரு பொருளை எடுத்துப் பார்ப்பவர் அதனைக் கீழே வைக்குமுன் மற்றொருவர் கை நீள்வது அங்கு இயல்பு.

அங்குக் கிடக்கும் பித்தளையும் வெண்கலமும் ஒருகாலத்தில் இல்லங்களில் புழங்கியவை. எவர்சில்வர் பாத்திரம் பரவிய காலத்தில், வீட்டுப் பெண்டிர் பழம் பாத்திரங்களைக் கொடுத்துப் புதியன பெற்றனர். தெருவில் கூவி வந்தவர் பேரீச்சம்பழம் கொடுத்து இரும்பும் ஈயமும் பித்தளையும் கொண்டு சென்றார். அவர் கொண்டு சென்றவை காயலான் கடையை அடைந்தன. அங்கு எடைபோடப்பட்டவற்றுள் உருக்குலைக்குச் செல்லாமல் தப்பியவற்றுட் சில சந்தைக்கு வந்தன.

அப்பாத்திரங்களின் கழுத்திலோ அடியிலோ பெரும்பாலும் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். பெயர் வெட்டுதல் தமிழர் இல்லங்களின் நெடுநாள் வழக்கம். உடையவர் பெயரின் முதலெழுத்துகள், ஊர், திருமண நாள், சீராகக் கொடுத்தவர் பெயர் எனப் புள்ளி புள்ளியாய்ப் பதிந்த அவ்வரிகள், கல்வெட்டில் இடம்பெறாத எளிய மக்களின் சாசனங்கள் எனின் மிகையாகாது. வாங்குவோர் பலர் புளியிட்டுத் துலக்கிப் பொலிவேற்றுவதிலும், பெயரைத் தேய்த்து அகற்றுவதிலுமே கருத்தாயிருக்கின்றனர். துலக்கத் துலக்கப் பாத்திரம் புதிதாகிறது. அதன் வரலாறு அழிகிறது.

போலியும் மெய்யும்

சந்தையில் தேடுவோருக்குக் கண்ணோடு கல்வியும் வேண்டும். காந்தக் கல் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. தட்டிப் பார்த்தால் வெண்கலம் தன் நீண்ட ஓசையால் தன்னை அறிவிக்கும். இராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் ஒருபுறம், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்னும் ஆண்டும் மறுபுறம் கொண்ட செப்புக் காசுகள் பெருவிலைக்குக் கூறப்படுவதுண்டு. கம்பெனி அத்தகைய காசை ஒருபோதும் வெளியிட்டதில்லை. அவை பிற்காலத்தார் அச்சிட்ட வில்லைகளே. புதிய பித்தளைக் குழல் பொருத்திப் பழமை பூசிய கிராமபோன்களும் இவ்வகையினவே. மெய்ப்பொருள் தன் பெயரை இழக்க, போலிப்பொருள் பொய்ப்பெயர் தாங்கி நிற்பது சந்தையின் முரண்.

மூர் மார்க்கெட் தந்த பாடம்

சென்னை நகரில் இத்தகைய தேடலுக்குப் பெயர்பெற்ற இடம் மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரால், சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்து எழுந்த அச்செந்நிறக் கட்டடத்திற்கு 1898இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1900இல் திறப்பு விழா நிகழ்ந்தது. அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள் ஏழை மாணவர்க்கும் புலவர்க்கும் நூலகமாய் விளங்கின. 1985ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் நேர்ந்த தீயில் அக்கட்டடம் அழிந்தது. கடைக்காரர்கள் அருகிலிருந்த அல்லிக்குளம் வளாகத்திற்குப் பெயர்ந்தனர். பழைய இடத்தில் இரயில் நிலையக் கட்டடம் எழுந்தது.

அச்சந்தையின் பயனை நாட்டுக்கு உணர்த்தியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்த அவர், பழைய புத்தகக் கடைகளில் தேடித்தேடி நூல்களும் இதழ்களும் மட்டுமன்றி, நாடக அறிவிப்புகள், அழைப்பிதழ்கள் போன்ற, பிறர் குப்பையெனக் கழித்த தாள்களையும் திரட்டினார். ஏறத்தாழ ஓரிலட்சமாய் வளர்ந்த அத்தொகுப்பை, 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்குப் பெற்றது. தொகுப்பு கடல் கடந்து செல்லவில்லை. தமிழ்நாட்டிலேயே தங்கி, 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாய் உருப்பெற்றது. வாங்கியதோடு நில்லாமல் வகைப்படுத்தியும் வைத்தமையால், ஒரு தனியாளின் ஆர்வம் ஓர் இனத்தின் ஆவணமாயிற்று. பல்லாவரத்திலும் இதற்கு ஒப்புமை உண்டு. 1911 முதல் அவ்வூரில் வாழ்ந்து 1950இல் மறைந்த மறைமலையடிகள் அரிதிற் சேர்த்த நூல்கள், 1958இல் அவர் பெயரால் பொது நூலகமாயின.

கல்லும் குறிப்பும்

பல்லாவரத்தின் பெருமையுள் தலையாயது ஒன்று உண்டு. மூர் மார்க்கெட் எரிந்த அதே மே 30ஆம் நாள், அதற்கு 122 ஆண்டுகளுக்கு முன், 1863இல் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட், பல்லாவரம் படைமுகாம் திடலின் சரளைக் குழியொன்றில் செதுக்கப்பட்ட கல்லொன்றைக் கண்டெடுத்தார். அஃது இந்தியாவில் இனங்காணப்பட்ட முதல் பழங்கற்காலக் கருவி. அச்சரளையைப் பலர் மிதித்து நடந்திருப்பர். வண்டியில் அள்ளியும் சென்றிருப்பர். பூட் அதனைக் கைக்கோடரி என அறிந்தார். கண்ட இடத்தையும் நாளையும் எழுதி வைத்தார். அவர்தம் சேகரிப்பு 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தை அடைந்தது. 1912இல் அவர் மறைந்த பின் அதன் அட்டவணை அச்சேறியது. குறிப்பு இல்லையேல் அக்கைக்கோடரியும் ஒரு சரளைக் கல்லே. இடமும் நாளும் எழுதப்பட்டதால் அது நாட்டின் வரலாற்றைத் தொடங்கி வைத்தது.

திருமேனியும் சட்டமும்

ஊர்ப்பெயர் இழந்த பொருள் எத்துணை இன்னலுறும் என்பதற்குத் தஞ்சைப் பகுதியிலுள்ள பத்தூர் நடராசர் சான்று. 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட அத்திருமேனி, வணிகர் கைமாறி இலண்டனை அடைந்தது. அது பத்தூருக்குரியது என மெய்ப்பிக்க நெடிய வழக்கு நடந்தது. 1988இல் கீழ்நீதிமன்றமும் 1991இல் மேல்முறையீட்டு மன்றமும் கோயிலின் உரிமையை ஏற்றன. திருமேனி 1991இல் தாயகம் திரும்பிற்று. எடுத்த நாளிலேயே உரியவரிடம் தெரிவித்திருந்தால் இவ்வழக்குக்கே இடமிராது.

சட்டமும் இதனையே வேண்டுகிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடன். 1976இல் நடைமுறைக்கு வந்த 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த தொல்பொருள்களையும் எழுபத்தைந்தாண்டு கடந்த சிறப்புமிக்க சுவடிகளையும் தன் காப்பில் கொள்கிறது. அவற்றை விற்போர் உரிமம் பெறல் வேண்டும். தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. சந்தையில் சாமி சிலை கண்டு விலை பேசுவோர் இதனை மறத்தல் ஆகாது.

மன்றத்தார் கடன்

திருப்பெரும்புதூரும் ஒரகடமும் தொழிற்பேட்டைகளாயின. அவற்றின் விரிவில் குன்றத்தூரைச் சூழ்ந்த ஊர்களிலும் ஓட்டு வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுகின்றன. வீடு இடியும்போது பரணில் கிடந்தவை வெளியே வருகின்றன: ஏட்டுக்கட்டு, கணக்குப் புத்தகம், பாட்டியின் சீர்ப் பாத்திரம். அடுக்குமாடியில் பரண் இல்லை. ஆதலின் அவை காயலான் கடைக்குச் செல்கின்றன. அங்கிருந்து சில, பல்லாவரத்துத் தார்ப்பாயை அடைகின்றன.

பத்தாண்டு கண்ட இலக்கிய மன்றத்திற்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. பெருஞ்செலவோ அருங்காட்சியகமோ அதற்கு வேண்டா. ஒரு குறிப்பேடு போதும். உறுப்பினர் தத்தம் இல்லத்துப் பழம் பாத்திரங்களில் வெட்டிய எழுத்துகளைப் படித்து, உடையவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைக்கலாம். இல்லத்து மூத்தோரிடம் கேட்டு எஞ்சியதை நிரப்பலாம். சந்தையில் ஒன்றை வாங்குவோர் துலக்குமுன் படித்து, வாங்கிய நாளையும் விற்றவர் சொன்ன செய்தியையும் உடன் பதியலாம். சுவடி கிடைப்பின் உரிய நூலகத்திற்கு அறிவிக்கலாம்.

கவிஞர்கள் சொல்லைக் காப்பவர்கள். குடத்தின் கழுத்தில் புள்ளியாய் நிற்கும் பெயரும் ஒரு சொல்லே. அடியார் ஒருவரையும் விட்டுவிடாமல் பாடிய சேக்கிழார் பிறந்த ஊரில், அப்பெயர்களை எழுதிவைக்கும் குறிப்பேடொன்று தொடங்குதல் பொருத்தமுடைத்து.