எழுதுமேசையிலிருந்து நீதியாசனத்திற்கு: பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்தின் ஒரு பதவிப்பாதை

மாயூரம் வேதநாயகம்பிள்ளையின் பெயருக்கு முன்னால் ‘முன்சீப்’ என்னும் பதவிப்பெயர் நெடுங்காலமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றது. தமிழ் நாவலின் வரலாற்றை எழுதியோருட் பலர் அதனை ஓர் அடைமொழியாக ஏற்றுக்கொண்டு அப்பாற் சென்றுவிடுகின்றனர். அவர் அப்பதவிக்கு எவ்வழியே வந்தார், அவ்வழி யாருக்குத் திறந்திருந்தது, எப்போது அது அடைபட்டது என்னும் வினாக்கள் இலக்கிய வரலாற்றுக்குப் புறம்பானவை எனக் கருதப்பட்டமையே இதற்குக் காரணமாகலாம். நீதிமன்றத்தின் எழுதுமேசையில் தொடங்கி நீதியாசனத்தில் முடிந்த அப்பதவிப்பாதையை, அதனைத் தோற்றுவித்த சமூகத் தேவைகளோடு சேர்த்து நோக்கும்போதுதான் முதற்றமிழ் நாவலாசிரியரின் உரைநடையும் முழுமையாக விளங்கும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கிழக்கிந்தியக் கம்பனியார் 1802 ஆம் ஆண்டுச் சட்டவிதிகளின் மூலம் வங்காளத்து முறையைத் தழுவிய நீதிமன்றங்களைச் சென்னை மாகாணத்தில் நிறுவினர். ஜில்லாதோறும் ஐரோப்பிய நீதிபதி ஒருவர். எல்லாவற்றுக்கும் மேலே சதர் அதாலத்து. நிலவரி வசூலே ஆட்சியின் அச்சாணியாயிருந்த ஒரு நாட்டிலே, நிலத்தின் மீதான உரிமை பற்றிய வழக்குகள் பெருகியமை வியப்பன்று. வழக்குகள் குவிந்தன, அவற்றைத் தீர்க்க ஐரோப்பியர் போதவில்லை, போதிய எண்ணிக்கையில் அவர்களை நியமிப்பதற்கான செலவையும் கம்பனியார் விரும்பவில்லை. தோமஸ் மன்றோவின் முயற்சியால் 1816 இல் வந்த சட்டவிதிகள் மாவட்ட முன்சீப், கிராம முன்சீப் ஆகிய பதவிகளைச் சுதேசிகளுக்கு வழங்கின. மன்றோ சுதேசிகளின் ஆற்றலில் நம்பிக்கை கொண்டிருந்தார் என்பது உண்மையே. ஆயின், மலிவான நீதிபதியை வேண்டிநின்ற ஒரு நிருவாகத்தில் அந்நம்பிக்கை எளிதிற் செவிசாய்க்கப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இந்தச் சுதேச நீதிபதிகள் எங்கிருந்து வருவது? சென்னைச் சர்வகலாசாலை 1857 இலேயே நிறுவப்பட்டது. அதற்கு முன்னர் சட்டப் பட்டம் என ஒன்று இருக்கவில்லை. ஆகவே நீதிமன்றமே தனக்கு வேண்டியவரைத் தன்னுள்ளேயே வளர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆவணக் காப்பறையும் மொழிபெயர்ப்பாளர் மேசையும் அக்காலத்தின் சட்டக் கல்லூரிகள் எனின் மிகையாகாது. வழக்கேடுகளை வரிசைப்படுத்தி வைப்பவன், எந்த வழக்கில் எந்தச் சாட்சியம் ஏற்கப்பட்டது, எந்த ஆவணம் தள்ளப்பட்டது என்பவற்றை நாள்தோறும் காண்கிறான். மொழிபெயர்ப்பாளனோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறான். சாட்சி தமிழிற் கூறுவதை நீதிபதிக்கு விளங்கும் ஆங்கிலத்திலும், நீதிபதியின் கட்டளையை வழக்காளிக்கு விளங்கும் தமிழிலும் அவன் மாற்றியாக வேண்டும். இருவேறு சட்ட உலகங்களுக்கிடையே நின்ற அவன், இரண்டின் இலக்கணத்தையும் கற்றுக்கொண்டான்.

1826 இல் திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள குளத்தூரிற் பிறந்த வேதநாயகம்பிள்ளையின் வாழ்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவருக்குக் கல்வி புகட்டிய தியாகப்பிள்ளையே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். மாணவரும் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக அமர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளராகி, 1850 களின் பிற்பாதியில் முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் எனக் காவிரிக் கழிமுகத்து ஊர்களிற் பணியாற்றி 1872 இல் ஓய்வுபெற்றார். அவருடைய நூல்களுட் பலராலும் பேசப்படாத ஒன்று உண்டு. சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையான தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரால் 1862 இல் அவர் வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட தீர்ப்புகள் ஆங்கிலத்தில் அடைபட்டுக் கிடந்தமையால், ஆங்கிலம் அறியாத வழக்காளியும் கீழ்நிலை வழக்கறிஞரும் தம்மை ஆளும் சட்டம் யாது என அறியமுடியாதிருந்தனர். மொழிபெயர்ப்பாளர் மேசையில் ஊதியத்திற்காகச் செய்த தொழிலை, நீதிபதியான பின்னர் அவர் பொதுப்பணியாகச் செய்தார் என்றே கொள்ளவேண்டும்.

இத்தொழிலின் தடம் அவருடைய உரைநடையில் ஆழப் பதிந்துள்ளது. வழக்கேட்டு மொழிக்குச் சில கட்டாயங்கள் உண்டு. நிகழ்ச்சி காலவரிசையில் வரவேண்டும். யார், எப்போது, என்ன செய்தார் என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரியவேண்டும். இரு தரப்பாரின் கூற்றுகளும் பிரித்துக் காட்டப்படவேண்டும். செய்யுளின் அணிகளோ உரையாசிரியர்களின் செறிவோ இங்கு உதவா. 1879 இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் கதைப்பின்னல் பழைய அற்புதக் கதைகளுக்கு அண்மையது என்பது பலகாலமாகக் கூறப்பட்டுவரும் குறை, அது பெரும்பாலும் சரியே. ஆயின் அக்கதையைச் சொல்லும் வாக்கியம் புதியது. கிளைக்கதைகளிலே களவு, பொய்ச்சாட்சி, சொத்துத் தகராறு, அவற்றின் விசாரணை என்று மீண்டும் மீண்டும் வருவதும் தற்செயலன்று. ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியை ஆளும் பகுதியில் நல்லாட்சி என்பதே நல்ல நீதிபரிபாலனமாகத்தான் உருப்பெறுகின்றது. நீதிபதியும் வழக்கறிஞரும் வழக்காளியும் தமிழராகவே இருக்கும் மன்றத்தில் ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கத்தை அந்நாவல் கடுமையாக எள்ளுகின்றது. மொழிபெயர்ப்பாளராயிருந்த ஒருவர், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத நீதிமன்றத்தைக் கோருகிறார்! தமிழ்ப்பற்று மாத்திரம் இவ்வெள்ளலை விளக்கிவிடாது; தன் உயிரும் உடைமையும் பற்றிய வாதத்தை விளங்காது நிற்கும் வழக்காளியின் முகத்தைப் பல்லாண்டுகள் அருகிருந்து பார்த்தவரின் குரல் அது.

வேதநாயகம்பிள்ளையின் பாதை முன்சீப் பதவியோடு நின்றது. அதே ஏணியில் உச்சிவரை ஏறியவர் 1832 இல் தஞ்சை மாவட்டத்திற் பிறந்த திருவாரூர் முத்துசாமி ஐயர். கிராமக் கணக்கரின் உதவியாளராக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் அவர் வேலை தொடங்கியதும், தாசில்தார் ஒருவரின் ஆதரவினாற் சென்னைக்குப் படிக்கச் சென்றதும் பள்ளிப் பாடநூல்கள் வரை பரவிய செய்திகள். தெருவிளக்கின் கீழ்ப் படித்த கதையும் உடன் சொல்லப்படும். முன்சீப், துணைக் கலெக்டர், தலைமைச் சதர் அமீன், சென்னையில் நீதவான் எனப் படிப்படியாக உயர்ந்து, 1871 இற் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகி, 1877-78 இற் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார்.

இவ்வுயர்வைத் தனிமனித ஊக்கத்தின் வெற்றியாகக் காண்பது எளிது. ஆனால் 1861 ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றச் சட்டத்தைப் படிப்போருக்கு வேறொன்று புலனாகும். நீதிபதிகளுள் மூன்றிலொரு பங்கினரேனும் பாரிஸ்டர்களாகவும், மற்றொரு மூன்றிலொரு பங்கினரேனும் சிவில் சேவையினராகவும் இருத்தல் வேண்டும் என அது விதித்தது. பாரிஸ்டர் ஆவதற்கும் சிவில் சேவைப் பரீட்சைக்குத் தோற்றுவதற்கும் இலண்டன் செல்லவேண்டும். எஞ்சிய இடங்களுக்கே ஏனையோர் போட்டியிடலாம்: பத்தாண்டு உயர் நீதிமன்றத்தில் வாதாடியோர், அல்லது தலைமைச் சதர் அமீன், சிறுவழக்கு நீதிபதி போன்ற பதவிகளில் ஐந்தாண்டு இருந்தோர். முத்துசாமி ஐயர் நுழைந்தது இக்கடைசி இடுக்கு வழியாகவே. வாயிலின் அளவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது. அதனூடே செல்லத்தக்கவர் ஒருவர் அங்கு நின்றிருந்தார்.

அந்த ஒரே ஒருவரைக்கூட ஐரோப்பியர் நடத்திய பத்திரிகைகள் பொறுக்கவில்லை. அவருடைய நியமனத்தை அவை தாக்கி எழுதியமைக்கு மறுமொழி கூறவே ஜீ. சுப்பிரமணிய ஐயர் முதலிய ஆறு இளைஞர் 1878 செப்டெம்பரில் ‘தி இந்து’ வார இதழைத் தொடங்கினர். நான்காண்டுகளின் பின்னர், 1882 இல், அதே சுப்பிரமணிய ஐயர் தமிழிற் ‘சுதேசமித்திரன்’ இதழைத் தொடங்கினார். நீதிபதி நியமனம் ஒன்று சென்னையின் தேசியப் பத்திரிகை மரபுக்கு வித்தானமை, அன்று உருவாகிக்கொண்டிருந்த மத்தியதர வர்க்கத்தின் முதலாவது அரசியற் கோரிக்கை எதுவாயிருந்தது என்பதை நன்கு காட்டுகின்றது. உயர் உத்தியோகத்தில் பங்கே அக்கோரிக்கை.

யாருக்கான பங்கு? ஒரு ரூபாய்ச் சம்பளம் வறுமையைக் காட்டுகின்றதேயன்றிச் சமூகத் தாழ்வைக் காட்டவில்லை. கிராமக் கணக்கு பரம்பரையாக எழுத்தறிவுடைய சாதிகளின் கையில் இருந்த தொழில். கணக்கரின் பக்கத்தில் உட்கார்ந்து ஏடு எழுத ஒரு பிராமணச் சிறுவனால் முடிந்தது. அதே தஞ்சை வயல்களில் உழைத்த பண்ணையாளின் மகனால் அத்திண்ணையில் ஏறவும் முடியாது. அடிமையுடைமையைச் சட்டம் அங்கீகரியாது என 1843 ஆம் ஆண்டின் ஐந்தாஞ் சட்டம் அறிவித்த பின்னரும், பண்ணையாள் எழுத்தைச் சந்தித்தது கடன்பத்திரத்திற் கைநாட்டு வைக்கும்போதுதான். பிராமணரும் வேளாளருமே இவ்வேணியிற் பெரும்பாலும் ஏறினர். கையூட்டை ‘நீதிநூலில்’ கண்டித்த வேதநாயகம்பிள்ளையின் நேர்மையும், பெண்கல்விக்காக அவர் எழுப்பிய குரலும் போற்றத்தக்கவை. எனினும் நில உறவுகளையே கேள்விக்குட்படுத்தும் பார்வையை அவரிடம் காணவில்லை. அம்மேசை அவருக்குக் காட்டியது ஆவணம் உள்ளவனின் வழக்கையே.

ஈழத்து வாசகர் இவ்விடத்தில் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை நினைவுகூர்வர். முத்துசாமி ஐயர் பிறந்த அதே 1832 இற் பிறந்தவர். சென்னை அரசாங்கக் கணக்குத் திணைக்களத்தில் அவரும் உத்தியோகம் பார்த்தவரே. ஆனால் அவரை நீதியாசனத்துக்கு உயர்த்தியது அந்த எழுதுமேசையன்று. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான அவர், 1871 இற் சட்டப் பட்டம் பெற்று, பின்னர் கும்பகோணத்தில் வழக்கறிஞராகி, 1887 இற் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியானார். கலித்தொகையை அவர் பதிப்பித்ததும் அதே ஆண்டில். முரண்பட்ட ஏடுகளை எதிரெதிரே வைத்துப் பாடம் துணியும் பதிப்பாசிரியருக்கும், முரண்பட்ட சாட்சியங்களை எடைபோடும் நீதிபதிக்கும் உள்ள உறவு தனியே ஆராயப்படவேண்டியது. இங்கு விரிப்பிற் பெருகும்.

தாமோதரம்பிள்ளையின் பாதையே எதிர்காலத்தின் பாதையாயிற்று. 1895 இல் முத்துசாமி ஐயர் மறைந்தபோது அவரிடத்துக்கு வந்த எஸ். சுப்பிரமணிய ஐயர், மதுரையிலும் சென்னையிலும் வாதாடிப் பெரும்புகழ் ஈட்டிய வழக்கறிஞர். அதன்பின்னர் உயர் நீதிமன்றத்தில் ஏறிய சுதேசிகளுக்கு வழக்கறிஞர் தொழிலே நெடுவழியாயிற்று. கல்லூரிக் கட்டணமும், வருமானமின்றிச் சில ஆண்டுகள் காத்திருக்கும் வசதியும், மூத்த வழக்கறிஞரின் உறவும் அவ்வழியின் சுங்கம். ஆவணக் காப்பறைகள் மூடப்படவில்லை. முன்னிலும் அதிகமான ஏடுகள் அவற்றிற் குவிந்தன. அவற்றைக் கட்டி வைத்தவர் லிகிதராகவே ஓய்வுபெற்றார்.