கலைவாணர் அரங்கம்

கலைவாணர் அரங்கம் என்பது சென்னை, சேப்பாக்கம், வாலாஜா சாலையில் அமைந்துள்ள தமிழக அரசின் அரங்கம் ஆகும். நாடக மேடையிலிருந்து திரையுலகிற்கு வந்த நகைச்சுவை நடிகர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் (1908–1957) நினைவாக இதற்கு இப்பெயர் சூட்டப்பட்டது. இவர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடித்தவர்.

வரலாறு

இங்கிருந்த பழைய கட்டடத்தில் 1952 முதல் 1956 வரை சென்னை மாநிலச் சட்டமன்றம் கூடியது. சட்டமன்றம் புனித ஜார்ஜ் கோட்டைக்குத் திரும்பிய பின் அது குழந்தைகளுக்கான பாலர் அரங்கமாக விளங்கியது. 1970களில் மு. கருணாநிதியின் ஆட்சியில் புதுப்பிக்கப்பட்டுக் கலைவாணர் பெயரைப் பெற்றது.

பின்னாளில் அக்கட்டடம் இடிக்கப்பட்டுப் புதிய அரங்கம் எழுப்பப்பட்டது. முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா 2016 இல் அதைத் திறந்து வைத்தார். கட்டடம் மாறினும் பெயர் மாற்றப்படவில்லை. கொரோனா பரவலின்போது உறுப்பினர்கள் இடைவெளி விட்டு அமர வேண்டியிருந்ததால், 2020 செப்டம்பரில் சட்டப்பேரவை மீண்டும் இவ்விடத்தில், இம்முறை ஒரு நடிகரின் பெயர் தாங்கிய அரங்கில் கூடியது.