பங்கான் முகாமும் ஒரு குவளை உப்புநீரும்

1971ஆம் ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டபோது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். நெரிசல் மிகுந்த முகாம்களில் காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான பங்கானில், ஒரு சிறு மருத்துவமனையின் இரண்டு அறைகளில் நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். சிரைவழி ஏற்றும் சலைன் விரைவில் தீர்ந்துபோயிற்று.

அங்குப் பணியாற்றியவர் குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ். குளுக்கோஸும் உப்பும் சேர்ந்த நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும் என்பதும், காலரா நச்சு அந்த வழியை அடைப்பதில்லை என்பதும் அப்போது ஆய்வாளர்கள் அறிந்தவையே. கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953இலேயே வாய்வழிக் கரைசலைப் பற்றி எழுதியிருந்தார். 1968இல் டாக்காவில் நடந்த ஆய்வு அதன் பயனை உறுதிசெய்தது. எனினும், பயிற்சி பெற்றோர் கண்காணிப்பின்றி அதைப் பயன்படுத்தலாகாது என்பதே மருத்துவ உலகின் பொதுவான எண்ணம்.

பங்கானில் அந்தத் தயக்கத்துக்கு இடமிருக்கவில்லை. ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கல்கத்தாவில் பொட்டலங்கள் கட்டப்பட்டன. குழாய் பொருத்திய பீப்பாய்களில் கரைசல் நிரப்பப்பட்டது. குவளையில் பிடித்துப் புகட்டும் பொறுப்பு தாய்மாரிடமும் உறவினரிடமும் விடப்பட்டது. முன்னர் 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு, மகலனாபிஸின் குழு கவனித்த நோயாளிகளிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

இங்கே மாறியது மருந்து மட்டுமன்று. மருத்துவம் யார் கையில் இருக்கவேண்டும் என்ற கருத்தும் மாறியது. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தையின் குடலுக்கு ஓய்வு தேவை எனக் கருதி உணவை நிறுத்திவைப்பது அக்காலத்தில் மருத்துவர்களிடமும் வழக்கமாயிருந்தது. உடல் இழந்த நீரை ஈடுசெய்யும் ஆற்றல் பெற்றோருக்கே உண்டு என்பதைப் பங்கான் மெய்ப்பித்தது.

அகதிகள் திரும்பிச் சென்ற வங்கதேசத்தில் இக்கருத்து இன்னும் ஆழமாக வேரூன்றியது. 1980 முதல் பத்தாண்டுகளில் பிராக் என்னும் அமைப்பின் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, மூவிரல் உப்பும் கைப்பிடி வெல்லமும் கரைக்கத் தாய்மாருக்குக் கற்பித்தனர். தாய்மார் எந்த அளவுக்கு நினைவில் வைத்திருந்தனரோ அதற்கேற்பவே ஊழியர்களின் ஊதியம் அமைந்தது.

மகலனாபிஸ் 2022இல் மறைந்தார்; மறுஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. அவர் பரப்பிய முறையின் திருத்திய வடிவமே இன்று மருந்துக்கடைகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அதில் குறித்துள்ள அளவு நீரைக் கூட்டாமலும் குறைக்காமலும் கலந்து, சிறிது சிறிதாகப் புகட்டவேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா. குழந்தை துவண்டாலோ, குடிக்க இயலாமற்போனாலோ, மலத்தில் குருதி கண்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வயிற்றுப்போக்கு இன்றும் பலிகொள்கிறது. பங்கானில் சலைன் தீர்ந்த பிறகும் உயிர்கள் பிழைத்தன; பொட்டலம் எளிதாகக் கிடைக்கும் காலத்தில், அதைக் கரைக்கத் தெரியாமையால் ஒரு குழந்தை இறப்பது அந்த வரலாற்றை மறந்ததன் விலையாகும்.